மூன்று வாட்டே அதிகம் என்றாய்

கண்ணு,

போன வாரம் போனில் நீ, "ஆம்ப் எப்படிப்பா ஓடுது?" என்று கேட்டாய். நான், "ம்ம், ஏதோ ஓடுது" என்றேன். அந்த 'ஏதோ' பச்சைப் பொய். பக்கத்தில் உன் அம்மா உட்கார்ந்திருந்தாள், அவள் முன்னால் பெற்ற பிள்ளையைப் புகழ்ந்தால் கண் பட்டுவிடும் என்று ஒரு காரணம் சொல்லிக்கொள்ளலாம். உண்மைக் காரணம் வேறு. அரூர்–சேலம் பஸ்ஸில் காலமெல்லாம் டிக்கெட் கிழித்தவனுக்கு "உள்ள போ, உள்ள போ" என்று சொல்லத் தெரியும், "சில்லற இல்ல, எறங்கறப்போ வாங்கிக்க" என்று சொல்லத் தெரியும். நன்றி என்ற சொல் எங்கள் ரூட்டில் எந்த ஸ்டாப்பிலும் ஏறியதில்லை. கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது. தை பிறந்தால் நீ குடும்பஸ்தன். அதற்குப் பிறகு எழுதினால், மாமனார் உபதேசம் பண்ணுகிறார் என்று உன் வீட்டில் சிரிப்பார்கள். அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். இதை ஊரே படித்தாலும் எனக்குக் கவலையில்லை. நம் வீட்டுச் சமாசாரத்தில் நம் ஊர்ப் பொம்மிடிக்காரர்களுக்குத் தெரியாதது எனக்கும் தெரியாது.

முதலில் உன் அம்மாவின் காதிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். நீ சென்னைக்குப் போன பிறகுதான் அது வந்தது. ஒரு நாள் காலையில் அரிசி களைந்துகொண்டிருந்தவள், "ஏங்க, எங்கயோ குக்கர்ல ஆவி போயிட்டே இருக்குதே, பாருங்க" என்றாள். அடுப்பில் குக்கரே இல்லை. பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தேன், அங்கேயும் இல்லை. அந்த ஆவி அவள் காதுக்குள்ளே போய்க்கொண்டிருந்தது, இன்னமும் போகிறது. தருமபுரியில் காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் எல்லாம் சோதித்துவிட்டு, "ரொம்ப சத்தம் உள்ள எடத்துல ஏதாவது வேலை பாக்குறீங்களாம்மா?" என்று கேட்டார். உன் அம்மா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். டாக்டரும் என்னைப் பார்த்தார். நர்சும் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த காதுப் படத்தைப் பார்த்தேன்.

வயசாவதன் கூறு, முழுசாகத் தீராது, பழகிக்கொள்ளலாம், சத்தத்தைத் தவிர்க்கவேண்டும் என்றார். வீட்டுக்கு வந்ததும் அவள் செய்த முதல் காரியம், சமையல்கட்டு அலமாரியில் இருந்த ரேடியோவை எடுத்துத் துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டதுதான். உனக்குத் தெரியும், அந்த ரேடியோ பாடாமல் நம் வீட்டில் ஒரு கடுகு வெடித்ததில்லை. சின்னதாக வைத்தால் வார்த்தை புரியவில்லை என்றாள். வார்த்தை புரிகிற அளவுக்கு வைத்தால் காதில் ஊசி ஏறுகிறது என்றாள். கேட்கவும் முடியாமல் விடவும் முடியாமல் எத்தனை நாள்தான் இருப்பாள்? விட்டுவிட்டாள். பாட்டை மட்டும் விட்டிருந்தால் பரவாயில்லை. உன் கல்யாணப் பேச்சு வந்தபோது, "பந்தல்ல குழாய் கட்டிப் பாட்டு போடுவாங்களே, நான் மண்டபத்துல எங்க போய் உக்காருவேன்?" என்று கேட்டாள். பெற்ற பிள்ளை தாலி கட்டும்போது சமையல் கூடத்தில் ஒளிந்துகொள்ள இடம் தேடுகிற தாயை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் அரூர்ப் பக்கம் ஒரு பழைய சினிமாக் கொட்டகையைக் கல்யாண மண்டபமாக்குகிறார்கள் என்று பஸ்ஸில் பேச்சு அடிபட்டது. திரைக்குப் பின்னால் இருந்த குழாய் ஸ்பீக்கர்களை விற்கிறார்களாம். எனக்கு ஒரு யோசனை. கடைசி வரிசையில் உட்கார்ந்தாலும் கதாநாயகி பெருமூச்சு விடுவது அந்தக் கொட்டகையில் காதில் விழும். கத்தாமலே தெளிவாகப் பேசும் ஸ்பீக்கர், உன் அம்மாவுக்கு இதைவிட என்ன மருந்து? இப்படித்தான் அவளிடம் சொன்னேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, பத்து வயசிலிருந்து எனக்கு அந்த ஸ்பீக்கர் மேல் ஒரு கண். அவள் காது சாக்காகக் கிடைத்தது. ஆனால் சாக்கு பிற்பாடு நிஜமாகிவிட்டது, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

குட்டியானை வண்டியில் இரண்டும் வந்து இறங்கின. ஒவ்வொன்றும் பீரோ உசரத்துக்கு மரப்பெட்டி, அதன் தலையில் கல்யாண வீட்டு அண்டாவைக் கவிழ்த்த மாதிரி இரும்புக் குழாய். உன் அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டுக் கேட்டாள்: "மருமக வந்தா அவ எங்க உக்காருவா, இதுக்குள்ளயா?"

ஸ்பீக்கர் வந்துவிட்டது, அதைப் பாடவைக்க ஆம்ப் வேண்டும். இங்கேதான் நம் ஜாதகத்தில் உன் மாமன் புகுந்தான். இண்டூரில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருப்பவனை மச்சினனாகப் பெற்றவன் வெளியில் போய் ஆம்ப் தேடினால், அது அந்த மச்சினன் முகத்தில் கரி பூசுவது. விஷயம் காதில் விழுந்த மறுநாளே வந்து இறங்கினான். கடையிலேயே பெரிய ஆம்ப், தேர்த் திருவிழாவுக்கு மட்டும் வெளியே எடுப்பது, அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, தட்டில் வெற்றிலை பாக்கோடு! நம் பக்கத்தில் தாய்மாமன் சீர் என்றால் அண்டா குண்டா வரும், துணிமணி வரும். ஆயிரம் வாட் ஆம்ப் சீராக வந்த வீடு நம்முடையதாகத்தான் இருக்கும்.

"எதுக்குடா இத்தாம் பெருசு?" என்று உன் அம்மா கேட்டாள்.

"அக்கா, உன் வூட்டுக்குச் சின்ன ஆம்ப் குடுத்தா ஊர்ல என்னா பேசுவாங்க? இருக்கட்டுங்க மாமா. பவர் கையிருப்பு இருந்தா நல்லதுதான்."

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. நாங்கள் வளர்ந்த விதம் அப்படி. கல்யாணம் எவ்வளவு பெரிசு என்பதை எத்தனை ஊருக்குப் பாட்டு கேட்டது என்று வைத்து அளந்தவர்கள். ஸ்பீக்கர் பெரிசு, அதனால் ஆம்ப்பும் பெரிசாக இருக்கவேண்டும், மாட்டுக்குத் தகுந்த வைக்கோல் மாதிரி. அந்தக் கணக்கு தலைகீழ் என்று எங்கள் இரண்டு பேரில் ஒருவனுக்காவது தோன்றியிருக்கவேண்டும்.

ஸ்விட்சைப் போட்டான். ஆம்ப்புக்குள் விசிறி சுற்ற ஆரம்பித்தது. அதோடு இரண்டு குழாயிலிருந்தும் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். பாட்டு இன்னும் போடவில்லை, வெறும் சத்தம் மட்டும், பஸ் டயரில் காற்று இறங்குகிற மாதிரி. உன் அம்மா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள். "இது எனக்கு ஓசியிலயே காதுக்குள்ள ஓடுது. இதுக்கு எதுக்குங்க கரண்டு?" என்றாள். நானும் உன் மாமனும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை என்பதை அப்போது நான் கவனித்திருக்கலாம்.

"பாட்டு வந்தா அது அமுங்கிடும் மாமா" என்று குமிழைத் தொட்டான். திருப்பக்கூட இல்லை, தொட்டான். நாகசுரம் ஒரு பிடி பிடித்ததில் சமையல்கட்டு ஸ்டாண்டிலிருந்து தட்டுகள் சரிந்தன, கொல்லையில் கோழி ஓடியது, ரயில் ஸ்டேஷனில் நின்றிருந்தவர்கள் திரும்பிப் பார்த்ததாக டீக்கடைக்காரர் பிற்பாடு சொன்னார். குமிழை இந்தப் பக்கம் மயிரிழை நகர்த்தினால் ஒன்றுமில்லை, அந்தப் பக்கம் மயிரிழை நகர்த்தினால் தேர்த் திருவிழா. நடுவில் மனுசன் குடியிருக்கிற இடமே அந்தக் குமிழில் இல்லை. திரும்பிப் பார்த்தால் உன் அம்மா கூடத்தில் இல்லை. கொல்லையில் துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து, இரண்டு காதையும் முந்தானையால் பொத்திக்கொண்டிருந்தாள். கிட்டே போனேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "அத வித்துடுங்க" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்றைக்குச் சாயங்காலம் உனக்குப் போன் பண்ணினேன். ஆம்ப் எத்தனை வாட், எந்தக் கடைச் சரக்கு, மாமன் எவ்வளவு பெரிய மனசுக்காரன் என்று எல்லாம் சொல்லி முடித்தேன். நீ ஒன்றே ஒன்று கேட்டாய்.

"பாட்டு போடாதப்போ என்னப்பா கேக்குது?"

"ஸ்ஸ்னு கேக்குது. அத வுடு, பாட்டுதான்..."

"இல்லப்பா, அதுதான் விஷயமே. எல்லா ஆம்ப்புக்கும் சொந்தமா ஒரு மூச்சு இருக்கும். சாதாரண ஸ்பீக்கருக்கு அது காதுல விழாது. இந்தக் குழாய்க்கு விழும். அம்மா மாதிரி, ஊசி விழுந்தாலும் எடுத்துச் சொல்லிடும்."

"அப்ப இன்னும் நல்ல கம்பெனியா, பெருசாப் பாக்கலாமா?"

"சின்னதாப் பாக்கணும்ப்பா. அந்தக் காலத்துல ஆம்ப்போட பலமே கம்மி. அதனாலதான் கொஞ்சம் குடுத்தாலே கொட்டகை பூரா கேக்கிற மாதிரி குழாய் வச்சாங்க. நம்ம கூடத்துக்கு ஒரு வாட் போதும். மூணு வாட்டே அதிகம்."

மூன்று வாட்! சாமி படத்துக்கு முன்னால் எரிகிற சிவப்பு பல்பு அதைவிடக் கூடத் தின்னும். என்னை ஏதோ கேலி செய்கிறாய் என்றுதான் நினைத்தேன். படிக்க வைத்தது தப்போ என்றுகூட உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் போனில் நீ சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "அவன் கேட்ட கேள்விய நீங்க கேட்டீங்களா?" என்றாள். ஸ்பீக்கரை விற்கும் பேச்சை அதற்குப் பிறகு அவள் எடுக்கவில்லை.

நீ வேலை முடிந்து உட்கார்ந்து உட்கார்ந்து அந்தப் பெட்டியைச் செய்தாய் என்பது எனக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் ரயிலில் வந்து இறங்கினாய், துண்டில் சுற்றிய ஒன்றை மடியில் வைத்தபடி. பிரித்தால் டிபன் டப்பா அளவு. மேலே இரண்டு கண்ணாடி வால்வு, பழைய ரேடியோவுக்குள் பல்பு மாதிரி எரியுமே, அது. நான் என்ன சொன்னேன் என்று நினைவிருக்கிறதா? "இது ஆம்ப்பா, இல்ல அதுக்குப் பொறந்த கொழந்தையா?" நீ சிரித்துக்கொண்டே ஒயர் மாட்டினாய். எனக்குக் கவலையெல்லாம் உன் மாமன் பற்றி. நீ வருகிறாய் என்று கேள்விப்பட்டு அவனும் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவன் சீராகக் கொடுத்ததைக் கழற்றி ஓரமாக வைக்கிறோம், பந்தக்கால் நட வேண்டிய தாய்மாமன் இந்தக் கோபத்தில் முறுக்கிக்கொண்டு போனால் என்ன செய்வது? நீயோ அவன் காலடியில் உட்கார்ந்தாய்.

"மாமா, உங்க ஆம்ப் ஊருக்கு நடுவுல ஓட வேண்டியதுன்னு நான் நெனைக்கிறேன். இந்தக் கூடத்துல கட்டிப்போட்டா அதுக்கும் மூச்சு முட்டும், நமக்கும் மூச்சு முட்டும். இது சின்னப் பையன், இவன் இங்க கெடக்கட்டும். ஆனா ஒண்ணு, இதுல ஒரு உறுமல் வருது. எனக்குப் புடிபடல. நீங்கதான் பாக்கணும்."

உறுமல் வந்தது நிஜம். 'ம்ம்ம்' என்று, கோபித்துக்கொண்ட பெரியப்பா மாதிரி. உன் மாமன் வேட்டியை மடித்துக் கட்டினான். பந்தல் பந்தலாக ஒயர் இழுத்தவன் அல்லவா, பிரிட்ஜை நிறுத்தச் சொன்னான், இன்வெர்ட்டரை நிறுத்தச் சொன்னான், கிரைண்டர் பிளக்கைப் பிடுங்கினான். உறுமல் போகவில்லை. கடைசியில் டி.வி. பெட்டியிலிருந்து ஆம்ப்புக்கு வந்த ஒயரையும், தெருக் கம்பத்திலிருந்து வந்த கேபிளையும் மாறி மாறிப் பார்த்தான். "எர்த்து ரெண்டு வழியா வருது மாப்ள. வூட்டு எர்த்து ஒண்ணு, கேபிள்காரன் ஒண்ணு. ரெண்டும் சண்ட போடுது" என்று கேபிளை உருவினான். உறுமல் நின்றது. கதவை யாரோ சாத்தின மாதிரி நின்றது. அவன் முகத்தைப் பார்க்கவேண்டுமே! ஆயிரம் வாட்டில் கிடைக்காத மரியாதை அந்த ஒரு உருவலில் கிடைத்துவிட்டது. உனக்கு அந்த உறுமலின் காரணம் நிஜமாகவே தெரியாதா, தெரிந்துகொண்டே விட்டு வைத்தாயா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. கேட்கவும் போவதில்லை.

அப்போது சமையல்கட்டிலிருந்து உன் அம்மாவின் குரல்: "என்னா பண்றீங்க மூணு பேரும்? இன்னும் ஆன் பண்ணலயா?"

ஆன் பண்ணித்தான் இருந்தது. வால்வு இரண்டும் செம்மண் நிறத்தில் எரிந்துகொண்டிருந்தன. குழாய் வாயில் காதை வைத்துக் கேட்டேன், ஒன்றுமில்லை. நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். அந்த ஒன்றுமில்லாததைக் கேட்கவா இத்தனை பாடு என்று வேறு யாராவது கேட்டிருப்பார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, தூசி என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன். தூசியும் இருந்தது, பழைய கொட்டகைத் தூசி.

டி.வி.யில் பென் டிரைவைச் செருகிப் பாட்டைப் போட்டாய். நான் பழக்கதோஷத்தில் குமிழுக்குக் கை கொண்டுபோனேன், நீ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய். பேச்சுக் குரலைவிடச் சின்னதாக ஒரு பெண் பாடினாள். பெட்டியிலிருந்து பாடுகிறாள் என்று தோன்றவில்லை, அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டே பாடுகிற மாதிரி. உன் அம்மா முறத்தோடு வந்தாள், உரித்துக்கொண்டிருந்த அவரைக்காயோடு. கேட்க வந்தவள் மாதிரி காட்டிக்கொள்ளாமல் வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள். ஒரு காய் உரித்தாள், இன்னொன்றைக் கையில் எடுத்தாள். அது பாட்டு முடியும்வரை கையிலேயே இருந்தது. முடிந்ததும் உன் மாமனிடம் சொன்னாள்: "பின்னால வயலின் ஒண்ணு வருதுடா. ரேடியோல கேக்கறப்போ எனக்குத் தெரியவே தெரியாது."

கண்ணு, அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது, நீ சாயங்கால ரயிலுக்குப் போய்விட்டாய். காதில் ஆவி போவது நின்றுவிடவில்லை. ஆனால் பாட்டு ஓடும்போது அது இறங்கிப்போய்க் கடைசி சீட்டில் உட்கார்ந்துகொள்கிறதாம், அவளே சொன்னாள். மத்தியானம் சாப்பிட்டதும் அவளாகவே ஸ்விட்ச் போடுகிறாள், வால்வு சூடாகும்வரை காத்திருக்கிறாள். அந்த நேரத்தில் எனக்கு ஏதாவது வேண்டுமென்றால் வாசலிலிருந்து கத்த முடியாது, கிட்டே போய்த்தான் கேட்கவேண்டும். கிட்டே போனதில் ஒன்று கண்டுபிடித்தேன். நான் சாதாரணமாகப் பேசினாலே அவளுக்கு எல்லாம் கேட்கிறது. இத்தனை வருசமும் அவள் பதில் சொல்லாதபோதெல்லாம் சத்தம் போதவில்லை என்று நினைத்து நான் குமிழைத் திருப்பிக்கொண்டே போயிருக்கிறேன்.

இதோ உபதேசம் வந்துவிட்டது, ஓடாதே. நிச்சயதார்த்தத்தன்று உனக்கு வரப்போகிற பெண்ணைக் கவனித்தேன். யாரோ பந்தியில் பின்பக்கமாக முணுமுணுத்தது அவள் முகத்தில் உடனே தெரிந்தது. அந்தப் பெண்ணும் குழாய் ஸ்பீக்கர் வகைதான், கொஞ்சம் கொடுத்தால் போதும். நீ என்னைப் போலக் கத்துகிறவன் இல்லை, அதற்காக நிம்மதியாக இருந்துவிடாதே. உனக்குக் கோபம் வந்தால் வாயை மூடிக்கொண்டு டம்ளரை அழுத்தி வைப்பாய், செருப்பை வீசி விடுவாய், மூச்சை மூக்கால் விடுவாய். பத்தாவது பரீட்சை சமயத்தில் இந்த வீட்டில் அந்த 'ஸ்ஸ்' சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் நாங்கள் சாப்பிட்டோம். ஒன்றும் சொல்லாதபோது உன்னிடமிருந்து என்ன கேட்கிறது என்று அவ்வப்போது பார்த்துக்கொள். எனக்கு நீ கேட்ட கேள்விதான், உனக்கே திருப்பித் தருகிறேன். இதற்கு மேல் கல்யாண வாழ்க்கையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த டாக்டர் முன்னால் சுவரைப் பார்த்திருக்கமாட்டேன்.

உன் மாமன் போன வெள்ளிக்கிழமை வந்திருந்தான். கல்யாணத்துக்குத் தேர்த் திருவிழா ஆம்ப்தான், அதில் மாற்றமில்லை, அவன் மானம் அதில் இருக்கிறது. ஆனால் குழாய் எல்லாம் ரோட்டுப் பக்கம் பார்த்து, மண்டபத்துக்கு வெளியே. மேடைப் பக்கம் ஒன்றும் கிடையாது. "அக்கா மேடையிலதான் நிக்கணும். அவ நிக்க முடியலன்னா நான் என்னா சவுண்ட் சர்வீஸ்?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தான், நான் ஏதோ வேண்டாமென்று சொன்ன மாதிரி. போகும்போது அந்த டிபன் டப்பாவைத் தடவிப் பார்த்து, "மாப்ள எனக்கும் ஒண்ணு செஞ்சு குடுப்பானா?" என்று கேட்டான். கேட்டதாகச் சொல்லவேண்டாம் என்றும் சொன்னான். சொல்லிவிட்டேன்.

நேற்று மத்தியானம் நடந்ததையும் எழுதிவிட்டு முடிக்கிறேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கூட்ஸ் ரயில் நீளமாகப் போய்க்கொண்டிருந்தது. உன் அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஏதோ சொன்னாள். அவள் சொன்னது காதில் விழுந்தது, ஆனால் நம்பிக்கை வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் வராத வார்த்தை அது. "என்ன சொன்ன?" என்றேன்.

"உங்களுக்கும் காது போயிடுச்சா? கொஞ்சம் சத்தமா வைங்கன்னேன்."

எழுந்துபோய் வைத்தேன், கண்ணு. இந்த விரலால், ஒரு நெல் அளவு. போதும் என்றாள்.

மூன்று வாட் அதிகம் என்று கேலி செய்தவனின் தகப்பன்,
அப்பா